நான் விற்ற எயார் கூலர்

எனக்கு விற்கத் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வருவதுபோல எனக்கு அது வருகிறது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு மின்சாதனக் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். ஜிந்துப்பிட்டியிலிருந்து காலையில் இரண்டு பஸ் ஏறி வருவேன். வாசற்படியில் ஒருவர் கால் வைக்கும்போதே அவர் வாங்க வந்தவரா, விலை கேட்டுப் போக வந்தவரா, வெயிலுக்கு ஒதுங்கியவரா என்று எனக்குத் தெரிந்துவிடும். சிங்களத்தில் கேட்பவருக்குச் சிங்களத்தில் பதில் சொல்வேன். யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ‘ஓம்’ என்பேன், எங்கள் ஜிந்துப்பிட்டி ஆட்களிடம் ‘ஆமா’ என்பேன். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதுதான் அந்த நாட்களில் என் கொள்கை.

எயார் கூலர் எங்கள் கடைக்கு வந்தது ஒரு மார்ச் மாதத்தில். இடுப்பளவு உயரம், வெள்ளை நிறம், அடியில் நான்கு சக்கரம். முதுகுப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தடித்த பழுப்பு அட்டை ஒன்று. அடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் இருக்கும் சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றி அந்த அட்டையில் வழியவிடும். உள்ளே இருக்கும் ஃபேன் பின்பக்கத்துக் காற்றை இழுத்து, நனைந்த அட்டை வழியாகக் கொண்டுவந்து முன்னால் தள்ளும். இவ்வளவுதான் அந்தப் பெட்டி. முதலாளி அதைச் சுற்றிவந்து பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்தவர், அறுபதை நெருங்குபவர், கடையில் எல்லாப் பெண்களையும் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்.

“பிள்ளை, இதை நீர்தான் விக்கோணும்,” என்றார்.

விற்றேன். வழி எனக்கு உடனே பிடிபட்டது. கூலரை ஷட்டருக்கு நேரே, வீதியைப் பார்த்தபடி வைத்தேன். வெயிலில் நடந்து வந்தவரைப் பேச்சுக் கொடுத்து அதன் முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிறுத்துவேன். நெற்றி வேர்வையில் அந்தக் காற்றுப் பட்டதும் ஆள் கண்ணை மூடுவார். அந்த நேரம் பார்த்து மெதுவாகச் சொல்வேன். “ஏசி மாதிரிதான் குளிரும். ஆனா கரண்ட் ஃபேன் அளவுக்குத்தான் இழுக்கும். செவுரு ஒடைக்க வேணாம், பைப்பு வேணாம். தண்ணி ஊத்தி, கதவு ஜன்னல் எல்லாத்தையும் நல்லா சாத்திக்குங்க, குளிர் வெளிய போகாது.”

கடைசி வரி என்னுடைய சொந்தச் சரக்கு. யாரும் சொல்லித் தந்ததில்லை. ஏசி போட்ட அறையை மூடித்தானே வைக்கிறோம், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர்தான் முறுக்குக்கார அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் தங்கையோடு இருந்தார். இருவரும் சேர்ந்து முறுக்கு, அரியதரம், பயத்தம் பணியாரம் செய்து கடைகளுக்கும் விசேஷ வீடுகளுக்கும் கொடுப்பவர்கள்.

“தங்கச்சி, ரெண்டு அடுப்பு எரியிற குசினி,” என்று சொன்னார். “மத்தியானத்துக்குப் பிறகு அதுக்குள்ள நிக்கேலாது. தங்கச்சியாருக்குத் தலைச்சுத்து வருது. இது அதுக்குச் சரிவருமோ?”

“நல்லா சரிவரும் அக்கா. நீங்களே ரெண்டு நாள்ல சொல்லுவீங்க.”

பத்து நாள் கழித்து வந்து சொன்னார்.

கடையில் கூட்டமில்லாத முற்பகல் அது. அவர் கையில் ஒரு பொலித்தீன் பை. நேரே என்னிடம் வந்தார். பைக்குள் கைவிட்டு ஒரு முறுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“உடைச்சுப் பாருங்கோ.”

உடைக்கப் பார்த்தேன். அது உடையவில்லை, வளைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது ஊறின கயிறு மாதிரி இரண்டாகப் பிய்ந்தது. சத்தமே வரவில்லை.

“ஒரு சாமத்தியவீட்டு ஓடர்,” என்றார் அவர். பெண் பிள்ளை பெரியவளான விசேஷம் அது. “ஹெவ்லொக் டவுனில. பின்னேரம் சுட்டு, ஆறவிட்டு, விடிய அனுப்பினனாங்கள். எல்லாம் இப்பிடித்தான் நமுத்துப் போச்சுது. அந்த அம்மா ஃபோன் எடுத்து, பழைய முறுக்கையோ தந்தனீங்கள் எண்டு கேட்டவ.”

இப்படி யாராவது திரும்பி வந்தால் சொல்வதற்கென்று எனக்கு ஒரு வரிசை உண்டு. தண்ணீர் அளவாக ஊற்றினீர்களா, ஐஸ் போட்டீர்களா, அட்டை முழுக்க நனைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“ஐஸும் போட்டனான். நீங்கள் சொன்னபடி கதவு யன்னல் எல்லாம் சாத்தினனான். கீழ்ப்பக்கத்து இடைவெளிக்குத் துணியும் வைச்சனான்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் சண்டைக்கு வரேல்லை தங்கச்சி. நான் என்ன பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ, திருத்திறன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். திட்டுகிறவரை எப்படிக் கையாள்வது என்பது எனக்குத் தெரியும். பிழை தன்னுடையது என்று நம்பிக்கொண்டு நிற்கிறவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதலாளியிடம் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவரோடு நடந்தேன்.

லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. அக்கா கதவைத் தட்டினார். தங்கை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தார்.

“கெதியா உள்ளுக்கு வாங்கோ, குளிர் போயிடும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அது என் வரி.

உள்ளே போனதும் எனக்கு முதலில் தோன்றியது, யாரோ சற்றுமுன் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வெளியே வந்த அறை மாதிரி இருக்கிறதே என்பதுதான். சேலை உடம்போடு ஒட்டியது. குசினிச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. மேசையில் கிடந்த பத்திரிகையின் மூலை துவண்டு தொங்கியது. உப்புப் போத்தலுக்குள் உப்பு ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் என் கூலர் நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை. கடையில் கண்ணை மூடவைத்த அதே பெட்டி, அதே வேகம்.

“இது வந்த பெட்டி இருக்கா அக்கா? உள்ள ஒரு புத்தகம் இருக்கணும்.”

பெட்டி அலுமாரியின் மேல் இருந்தது. தங்கை கதிரையில் ஏறி எடுத்தார். மெல்லிய புத்தகம், பொலித்தீன் உறை கிழிக்காமல் அப்படியே கிடந்தது. அவர்கள் படிக்கவில்லை. விற்ற நானும் எங்கள் கடையில் இருந்த ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. தங்கைக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். நின்றபடியே பக்கங்களைத் திருப்பினார். திடீரென்று நிறுத்தினார்.

“அக்கா, இதில வேற மாதிரியெல்லோ எழுதியிருக்கு.”

“என்னெண்டு?”

“கதவு யன்னலைத் திறந்து வைச்சுப் பாவிக்கட்டாம். பூட்டின அறைக்குள்ள பாவிக்கப்படாதாம். காத்தில ஈரம் கூடின இடத்தில குளிர் குறையுமாம்.”

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

“நீங்க ஒண்ணும் பிழை விடலக்கா. நான்தான் பிழையா சொன்னேன். தெரியாமத்தான் சொன்னேன், ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.”

ஒன்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு தலை தெளிவானது. அங்கேயே, அந்தப் புழுக்கத்துக்குள் நின்று, அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று முதல் தடவையாக ஒழுங்காக யோசித்தேன். அதற்குள் குளிரை உண்டாக்கும் சாமான் எதுவும் இல்லை. தண்ணீர் ஆவியாகப் போகும்போது காற்றின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வது மாதிரி. ஆனால் அந்த ஆவி போய்ச் சேரக் காற்றில் இடம் இருக்கவேண்டும். கடலை ஒட்டிய அந்த வீட்டுக் காற்றில் ஏற்கெனவே பாதிக்கு மேல் ஈரம். அதையும் மூடி அடைத்து, பெட்டிக்குள்ளால் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் காற்று இனி வேண்டாம் என்று நின்றுவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் சும்மா வழியும். அதுவரை போன ஈரமெல்லாம் சுவரிலும் உப்பிலும் முறுக்கிலும்தான் போய் இறங்கும். ஏசி அறையின் ஈரத்தைப் பிடித்து வெளியே சொட்டவிடுகிறது. இது ஈரத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டையும் ஒன்று மாதிரி என்று சொல்லி விற்றவள் நான்.

மூன்று பேருமாகச் சேர்ந்து ஜன்னல்களைத் திறந்தோம். கடற்பக்கத்துக் காற்று உள்ளே வந்ததும் தங்கை மூச்சை இழுத்து விட்டார். கூலரைத் தள்ளிக்கொண்டுபோய் அதன் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படி வைத்தோம். வெளிக்காற்றை இழுத்து, உள்ளே தள்ளி, முன் அறை வழியாக வெளியேற வழிவிட்டோம். பத்து நிமிடத்தில் அறை இலேசானது. அக்கா அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“இப்ப பரவாயில்லை. முதுகில காத்துப் படுது. அவ்வளவு குளிர் எண்டு சொல்லேலாது, ஆனா இருக்கலாம்.”

நான் நிமிர்ந்துவிட்டேன். விற்ற சாமானைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அக்காவுக்கு அது போதவில்லை.

“பொறுங்கோ, முறுக்கு என்ன சொல்லுது எண்டு பாப்பம்,” என்றார்.

பிசைந்து வைத்த மாவில் பத்துப் பதினைந்து முறுக்குப் பிழிந்து தாச்சியில் போட்டார். பாதியைக் குசினித் தட்டிலும் பாதியை உள் அறையிலும் வைத்து, உள் அறைக் கதவைச் சாத்தினார். காத்திருக்கிற நேரத்துக்கு எனக்குச் சோறு போட்டார். நண்டுக் குழம்பு. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து அரை மணித்தியாலம் கடந்த பிறகு, உள் அறையில் வைத்ததை எடுத்து உடைத்தார். படீரென்று உடைந்தது. கூலர் முன்னால் இருந்ததை உடைத்தார். உடைந்தது, ஆனால் மரியாதைக்கு உடைந்த மாதிரி.

“பாத்தீங்களோ? எனக்குக் குளிர் வேணும்தான். முறுக்குக்குக் காய்ஞ்ச காத்து வேணும். இந்த வீட்டில சாப்பாடு போடுறது முறுக்கு.” அவர் கை கழுவிவிட்டு வந்தார். “இதை நீங்கள் திருப்பி எடுப்பீங்களோ, மாட்டீங்களோ?”

“எடுக்கிறேன் அக்கா,” என்றேன். எடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. இருந்தும் சொன்னேன்.

கடையில் முதலாளி ஏற்கெனவே கோபமாக இருந்தார். நான் பிந்தி வந்தது ஒன்று. நான் சொன்ன செய்தி இன்னொன்று.

“தண்ணி ஊத்தின சாமானைத் திருப்பி எடுக்கிறதோ? நீர் இஞ்ச விக்கிறதுக்கு நிக்கிறீரோ, வித்ததைத் திருப்பி வாங்கிறதுக்கு நிக்கிறீரோ?”

“நான் பிழையா சொல்லி வித்தது ஐயா. மூடி வைக்கச் சொன்னேன். தொறந்து வைக்கணுமாம்.”

“ஆர் சொன்னது?”

“உள்ள இருக்கிற புத்தகம்.”

அவர் நம்பவில்லை. பின்னால் அடுக்கியிருந்த ஒரு புதுப் பெட்டியைத் தானே பிரித்து, புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். நான் ஒரு வாடிக்கையாளருக்கு ரைஸ் குக்கர் காட்டிக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் ஒரு பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எனக்கும் தெரியாது பிள்ளை,” என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, “மாத்திக் குடும். ஆனா நான் மாத்தித் தந்ததெண்டு ஊரெல்லாம் சொல்லாதையும்.”

கூலருக்குப் பதிலாக ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் கொடுத்தோம். குசினி ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தினார்கள். அடுப்புச் சூடும் எண்ணெய்ப் புகையும் அப்படியே வெளியே போயின. அதைப் பொருத்திய வாரத்துப் பௌர்ணமிப் போயா நாளில் கடைக்கு விடுமுறை. நான் வெள்ளவத்தைக்குத்தான் போனேன். ஹெவ்லொக் டவுன் வீட்டுக்கு நல்ல முறுக்காகச் செய்து அனுப்பவேண்டும் என்று அக்கா நினைத்திருந்தார். அன்றைக்கு முழுக்க முறுக்கு உரல் பிழிந்தது நான். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வந்தது. தங்கை தலைச்சுற்று இல்லாமல் மாலை வரை அடுப்படியில் நின்றார். முறுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா வாங்கி வைத்துக்கொண்டார், நன்றியும் சொன்னாராம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஓடர் வரவில்லை. அது போனது போனதுதான்.

திரும்பி வந்த கூலர் கடையின் பின்கட்டில் நின்றது. பிரித்த சாமானை யாருக்கும் புதிது என்று விற்க முடியாது. ஒவ்வொரு நாளும் சாப்பிடப் போகும்போது அது என் கண்ணில் பட்டது. ஒரு நாள், எங்கள் வீட்டுக்கே கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. முதலாளி கழிவு விலைக்குத் தந்தார்.

எங்கள் வீடு ஜிந்துப்பிட்டியில் ஒரு ஒடுங்கிய சந்துக்குள். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேலே பலகைத் தரை, தகரக் கூரை. என் கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில்தான் தூங்கவேண்டும், மேலே மட்டும்தான் படுக்க இடம். மத்தியானத் தகரத்துக்குக் கீழே அவர் தூங்குவது தூக்கமே இல்லை. பாயை இழுத்துக்கொண்டு மூலைக்கு மூலை மாறுவார். நான் வேலையால் வரும்போது கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்.

கூலர் த்ரீவீலில் வந்து இறங்கியதும் அவர் வாசலில் நின்று பார்த்தார்.

“வெள்ளவத்தையில வேணாம்னு திருப்பிக் குடுத்தத நம்ம வீட்டுக்கா கொண்டாந்த?”

“அந்த வீட்டுக்கு வேணாம். நம்ம வீட்டுக்குச் சரிவரும்.”

“எப்புடித் தெரியும்?”

“தெரியும். தூக்குங்க.”

இந்த முறை தெரிந்துதான் சொன்னேன். புத்தகத்தை மூன்று தரம் முறுக்குக்கார அக்காவின் தங்கையிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் மேல் அறையில் சந்தைப் பார்த்த ஜன்னல் ஒன்று, பின்னால் சின்ன பல்கனிக்குப் போகும் கதவு ஒன்று. காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி. அந்தச் சந்துக்குள் கடற்காற்று நேராக வருவதில்லை. மத்தியானச் சூட்டில் தகரத்துக்குக் கீழே கொடியில் போட்ட ஈரத் துவாய் மொறமொறவென்று காய்ந்துவிடும். துவாய் அவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்றால், காற்றில் ஈரத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். கடையில் ஏன் எல்லோருக்கும் குளிர்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஷட்டர் முழுக்கத் திறந்த இடம் அது. வேர்வையும் என் பக்கம் நின்று உதவியிருக்கிறது.

கீழே குழாயில் ஒரு வாளி பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போய் ஊற்றினோம். கூலரின் முதுகு ஜன்னலுக்கு, முகம் பாய்க்கு. பின்கதவைக் கல் வைத்துத் திறந்து வைத்தேன். முதல் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். மாலை நாலரைக்கு அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

“இப்பதான் எந்திரிச்சேன்,” என்றார்.

கடையில் ஒரு மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தேன். அந்த மிக்ஸியை அன்றைக்கு நான் விற்ற மாதிரி யாரும் விற்றிருக்கமாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது வாரம் அறையில் ஊறின சாக்கு நாற்றம் அடித்தது. தொட்டித் தண்ணீரை மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் மாலை தொட்டியைக் கழற்றிக் கொட்டுவது, கால் மணித்தியாலம் தண்ணீர் இல்லாமல் ஃபேனை மட்டும் ஓடவிட்டு அட்டையைக் காயவைப்பது, கிழமைக்கு ஒரு நாள் வினாகிரி கலந்த தண்ணீரில் அட்டையை ஊறவைத்துக் கழுவுவது. ஐப்பசி மழை தொடங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்தினேன். அவர் கேட்டார், “ஏன், தண்ணி ஊத்தினாத்தானே குளிரும்?” மழை நாளில் கொடியில் போட்ட துவாய் இரண்டு நாளாகியும் காயாமல் தொங்கியதைக் காட்டினேன். அவர் துவாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஃபேனை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் டெங்கு பார்க்கிறவர்கள் எங்கள் சந்துக்கு வந்தார்கள். எனக்கு விடுமுறை நாள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், கையில் டோர்ச், கூட ஒரு பெண். மேலே ஏறி வந்ததும் கூலரைக் கண்டு குனிந்தார்.

“நங்கி, இதுக்குள்ள தண்ணி நிக்குமே,” என்று சிங்களத்தில் சொன்னார்.

நான் தொட்டியை இழுத்துக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. அவர் டோர்ச் அடித்து, விரலால் தடவி, அட்டையையும் தட்டிப் பார்த்தார். இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்று கூட வந்த பெண்ணிடம் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் டோர்ச்சை அணைக்கப் போனவர், ஜன்னல் விளிம்பில் நான் வளர்த்த மணிபிளான்ட் போத்தலைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே நாலைந்து நுளம்புப் புழு நெளிந்தது. எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் அன்று முழுக்கச் சிரித்தார். போத்தலிலிருந்த மணிபிளான்டைப் பிடுங்கி மண் சட்டியில் நட்டேன்.

கடையில் கூலர் விற்பதை நான் நிறுத்தவில்லை. ஆனால் இப்போது யாரையும் அதன் முன்னால் நிறுத்துவதில்லை. முதலில் கேட்கிறேன். எந்தப் பக்கம் வீடு, கடலுக்கு எவ்வளவு கிட்ட, அறைக்கு எத்தனை வழி, மேலே தகரமா கொங்கிரீட்டா. பதிலைக் கேட்டுவிட்டுச் சிலருக்கு நல்லதாக ஒரு ஃபேன் காட்டுவேன். சிலருக்கு ஏசி. மூன்று பக்கமும் திறந்த கராஜ் வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் ஒரே நாளில் இரண்டு கூலர் விற்றேன். பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு இளம் கணவன் மனைவிக்கு வேண்டாம் என்று சொன்னேன். ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தது. அவர்கள் நான் சொன்னதை நம்பவில்லை. இரண்டு கடை தள்ளிப் போய் ஒன்றை வாங்கி, எங்கள் கடை வாசலாலேயே கொண்டுபோனார்கள். முதலாளி கல்லாவில் இருந்தபடி அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் தூசு தட்டுகிற வேலையை விடவில்லை.

அதற்குச் சில நாளுக்குப் பிறகு, முற்பகலில், முதலாளி ஃபோனில் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். “ஓம், ஓம்... இருக்குதுதான்... எனக்கென்ன தெரியும்...” என்று இழுத்தார். பிறகு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, வீட்டில இருந்து. கூலர் ஒண்டு கொண்டுவரட்டாம். நீரே ஒருக்காக் கதையும்.”

வாங்கிக் காதில் வைத்தேன். முதலாளியம்மாவுடன் நான் அதுவரை கதைத்ததில்லை. எந்த அறைக்கு என்று கேட்டேன். சாமி அறைக்குப் பக்கத்து அறை, தையல் மெஷின் இருக்கிற அறை என்றார். ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். ஜன்னல் இருக்கிறது, ஆனால் நுளம்புக்காக எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பாராம்.

“அப்ப வேணாம்மா,” என்றேன். “துணியெல்லாம் பூசணம் பிடிச்சிடும். ஜன்னலுக்கு வலை அடிச்சு, தொறந்து வச்சு, நல்ல ஃபேன் ஒண்ணு போடுங்க. நான் ஒண்ணு எடுத்து வைக்கிறேன், ஐயாகிட்ட குடுத்து விடுறேன்.”

முதலாளியம்மா, “ஒருநாளும் எங்கட கடையில ஒருதரும் வேண்டாம் எண்டு சொன்னதை நான் கேக்கேல்லை,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி அதை வாங்கி, என் முகத்தைப் பார்த்தபடியே பேசினார்.

“ஓம்... வேண்டாமாம். ஓம், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

வைத்துவிட்டு, வலை அடிக்கிற ஆளின் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு, படியேறி வந்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, “வாங்க, என்ன பாக்கிறீங்க?” என்றேன்.